கைத்தொலைபேசியைச் சுமப்பதால் உடம்பு நோகுமா?

வாசகர் கேள்வி – வைத்தியர் பதில்

சென்ற இதழில் முழங்கால் நோவைப் பற்றி எழுதியதன் பின்னர் வந்த கடிதங்களில் ஐந்து, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்திருந்தபோதிலும், ஏறக்குறைய ஒரே சந்தேகத்தைக் கேட்டிருந்தன. எனவே இம்மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கித் தந்துள்ளேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்துள்ளேன்.

கேள்வி: எனக்கு வயது 38. ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருக்கிறேன். ஆறு மாதமாக வலது கைப் பெருவிரலின் அடியும் மணிக்கட்டும் நோகின்றன. கைத்தொலைபேசியைக் கையில் எடுத்தாலே சுள்ளென்று இழுக்கிறது. அதன் கதிர்வீச்சுத்தான் நரம்பைத் தாக்குகிறது என்று அக்கா சொல்லி, தொலைபேசியின் பின்புறத்தில் ஒட்டும் ஸ்டிக்கர் ஒன்றை வாங்கித் தந்தார். ஒட்டியும் குறையவில்லை. வீட்டில் மற்றவர்கள் இது வெறும் நினைப்பு என்கிறார்கள். தொலைபேசியைச் சுமப்பதால் உண்மையில் நோவு வருமா?
– ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: வரும், சகோதரி. ஆனால் உங்கள் அக்கா அஞ்சுகின்ற வழியால் அது வரவில்லை. தொலைபேசிக்கு எடை இருக்கிறது, நீளமும் அகலமும் இருக்கின்றன. அதைப் பிடித்திருக்க விரல்கள் மடங்கியே இருக்கவேண்டும், காதில் வைத்திருக்க முழங்கை மடங்கியே இருக்கவேண்டும், பார்த்திருக்கத் தலை குனிந்தே இருக்கவேண்டும். இவை ஒவ்வொன்றும் தசையையும் தசைநாணையும் நரம்பையும் நோகச் செய்யக்கூடியவை. அதிலிருந்து வெளிப்படும் வானொலி அலைகள் நோவை உண்டாக்குகின்றன என்பதற்கு மட்டும், பல தடவை தேடிப் பார்த்தும், சான்று கிடைக்கவில்லை.

முதலில் உங்கள் கையைப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டில் வெளிவந்து நம் ஊர்க் கடைகளிலும் நன்றாக விற்பனையான நோக்கியா 3310இன் எடை 133 கிராம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இன்றைய பெரிய தொலைபேசிகள் பல, உறையோடு சேர்த்து 200 கிராமைத் தாண்டுகின்றன. எடையைவிட அகலமே கூடுதலாகத் தொந்தரவு தருகிறது. ஒரே கையால் பிடித்துக்கொண்டு அதே கையின் பெருவிரலால் திரையின் எதிர் மூலையைத் தொடுவதற்கு, பெருவிரல் அதன் இயல்பான எல்லை வரை விரிந்து, மடங்கி, மீண்டும் விரியவேண்டியிருக்கிறது. பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கு நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது செய்திகளை அப்படித் தட்டச்சுச் செய்யும் ஓர் ஆசிரியைக்கு அந்த அசைவு எத்தனை தடவை நிகழும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பெருவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஓர் ஒடுங்கிய உறைக்குள்ளால் செல்கின்றன. ஓயாத அசைவினால் அந்த உறை தடித்து ஒடுங்கும்போது நாண்கள் உரசும், உரசினால் நோகும். உங்கள் கடிதத்தில் உள்ளவை பெரும்பாலும் இதற்கே பொருந்துகின்றன. இதனை நீங்களே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். பெருவிரலை உள்ளே வைத்து மற்ற நான்கு விரல்களாலும் பொத்திக்கொண்டு, மணிக்கட்டைச் சின்னவிரல் பக்கமாக மெதுவாகச் சாயுங்கள். பெருவிரல் பக்க மணிக்கட்டில் கூர்மையாக நோகுமானால் அந்த உறையைத்தான் கவனிக்கவேண்டும். சுவிற்சர்லாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர் ஃபிரிட்ஸ் டி கேர்வெய்ன் இந்நோயை விவரித்தது 1895ஆம் ஆண்டில். அப்போது பாக்கெட்டில் வைக்கும் தொலைபேசி எங்கே இருந்தது? கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாருக்கு இந்நோவு வருவது இன்றும் வழமை. துணி பிழிவதும், திருவலையில் தேங்காய் திருவுவதும், கட்டுக் கட்டாக விடைத்தாள் திருத்துவதும் அதே நாண்களைத்தான் வருத்துகின்றன. ஆகவே தொலைபேசியை மட்டும் விலக்கிவிட்டு மற்ற வேலைகளை முன்போலவே செய்துகொண்டிருந்தால் நோவு முழுமையாகப் போகாது.

நான்கு வாரங்களுக்குத் தொலைபேசியை இடக்கையில் வைத்து வலக்கைச் சுட்டுவிரலால் தட்டுங்கள். நீண்ட செய்தியைக் குரற்பதிவாக அனுப்புங்கள். துணி பிழிவதையும் தேங்காய் திருவுவதையும் அதுவரை வீட்டிலுள்ள ஆண்கள் பொறுப்பேற்கட்டும். பெருவிரலையும் மணிக்கட்டையும் அசையாமல் தாங்கும் பட்டி மருந்துக் கடைகளில் கிடைக்கும். மணிக்கட்டை மட்டும் தாங்கும் பட்டி உங்களுக்குப் போதாது. அப்படியும் குறையாவிட்டால் வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள். உறைக்குள் போடும் ஸ்டீரொயிட் ஊசி ஒன்றே பலருக்குப் போதுமானதாகிவிடுகிறது. சத்திரசிகிச்சை வரை செல்பவர்கள் குறைவு.

இதே போன்ற நோவுள்ள மற்றவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். விறைப்பு எந்த விரல்களில் வருகிறது என்பதைக் குறித்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை இரவில் விறைத்து, கையை உதறினால் தெளியுமானால் மணிக்கட்டு நடுவால் செல்லும் நரம்பு நெரிபடுகிறது. சின்னவிரலும் மோதிரவிரலும் விறைத்தால், முழங்கையின் பின்னால் செல்லும் நரம்பு இழுபடுகிறது. தொலைபேசியைக் காதில் வைத்தபடி மணிக்கணக்கில் பேசுபவர்களிடம் இதனைக் காண்கிறோம். நீரிழிவும் தைரொயிட் குறைபாடும் உள்ளவர்களுக்கு இந்நரம்புகள் எளிதில் நெரிபடும் என்பதால், விறைப்பு என்று வருபவரின் இரத்தத்தில் சீனியின் அளவைப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை.

இனிக் கதிர்வீச்சு. தொலைபேசிகள் 900, 1800 மெகாஹேர்ட்ஸ் முதலான அலைவரிசைகளில் இயங்குகின்றன. எக்ஸ்ரேயைப் போல அணுவிலிருந்து இலத்திரனைப் பிரித்தெடுக்கும் வலு இந்த அலைகளுக்கு இல்லை. இழையத்தை மிகச் சிறிதளவு சூடாக்க மட்டுமே இவற்றால் முடியும். நீண்ட நேரம் பேசியபின் காதில் உணரும் வெப்பம் பெரும்பாலும் மின்கலத்திலிருந்தும் உட்சுற்றுகளிலிருந்தும் வருவதாகும். ஆயினும், தொலைபேசி அருகில் இருந்தாலே தமக்குத் தலையிடியும் உடல்நோவும் வருவதாகச் சொல்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுடைய முறைப்பாட்டை ஒதுக்கிவிடாமல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் சோதித்து, முடிவுகளை 2006இல் வெளியிட்டார்கள். அத்தகைய உணர்திறன் உள்ளதாகச் சொன்ன 60 பேரும் இல்லாத 60 பேரும் தனித்தனி நாட்களில், ஒவ்வொரு தடவையும் 50 நிமிடம், அலை வெளிவிடும் கருவியோடும் அலையே வெளிவிடாத போலிக் கருவியோடும் இருந்தனர். எது எப்போது என்று அவர்களுக்கும் தெரியாது, அவர்களைக் கவனித்தவர்களுக்கும் தெரியாது. உணர்திறன் உள்ளவர்களுக்குத் தலையிடி வரத்தான் செய்தது. ஆனால் போலிக் கருவியின்போதும் அதே அளவில் வந்தது. தீங்கு வருமென்று உறுதியாக எதிர்பார்க்கும் உடம்பு உண்மையாகவே நோகும் என்பதை இது காட்டுகிறது. அந்த நோவு பொய்யன்று. நோவோடு வருபவரிடம் "உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் நினைப்பு" என்று சொல்லி அனுப்புவது எந்த வீட்டிலும், எந்த வைத்தியசாலையிலும் செய்யத்தகாதது.

ஸ்டிக்கரைப் பற்றி என் கருத்து கடுமையானது. அது அலைகளைத் தடுக்காவிட்டால் நீங்கள் கொடுத்த பணம் வீண். உண்மையாகவே தடுக்குமானால், கோபுரத்தோடு தொடர்பு குன்றும் தொலைபேசி தன் வலுவைக் கூட்டித்தான் அலைகளை வெளிவிடும். அச்சத்தில் இருக்கும் மக்களிடம் இத்தகைய பொருளை விற்பதை நான் ஏற்கமாட்டேன். நீங்கள் கேட்காவிட்டாலும், அச்சத்தின் அடியில் இருப்பது பெரும்பாலும் புற்றுநோய்தான் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011இல் இந்த அலைகளைப் "புற்றுநோயை உண்டாக்கக்கூடும்" என்ற 2பி வகையில் சேர்த்தது. சான்று குறைவாக இருக்கும்போதும் முற்றாக விலக்க முடியாதவற்றைச் சேர்க்கும் வகை அது. உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளில் 63 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2024இல் வெளியான மீளாய்வு, கைத்தொலைபேசிப் பாவனைக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை.

கேள்வி: நான் வேளாண்மை செய்பவன், வயது 54. கைத்தொலைபேசியைச் சட்டையின் இடது பாக்கெட்டில் வைப்பது வழக்கம். இரண்டு மாதமாக வரம்பில் வேகமாக நடக்கும்போதும் நெல் மூடையைத் தூக்கும்போதும் இடது நெஞ்சு இறுகி, தோள் வரை உளைகிறது. சற்று உட்கார்ந்தால் விட்டுவிடும். தொலைபேசியை வலது பாக்கெட்டுக்கு மாற்றினேன். ஒரு கிழமை நன்றாக இருந்தது, பிறகு மீண்டும் வந்துவிட்டது. தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வயலுக்குப் போகலாமா?
– ஒரு வாசகர், சம்மாந்துறை

பதில்: ஐயா, இக்கடிதம் கிடைத்த அன்றே நீங்கள் எழுதியிருந்த இலக்கத்துக்கு அழைத்துப் பேசினேன், மறுநாளே வைத்தியசாலைக்குச் செல்வதாக வாக்களித்தீர்கள். ஆனாலும் இதே எண்ணத்தில் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் இங்கும் எழுதுகிறேன். நடந்தால், தூக்கினால், மேட்டில் ஏறினால் வந்து, உட்கார்ந்தால் விட்டுவிடும் நெஞ்சிறுக்கம், இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடி ஒடுங்கியிருப்பதன் அடையாளமாகும். பாக்கெட்டிலுள்ள தொலைபேசிக்கு நீங்கள் நடக்கிறீர்களா, இருக்கிறீர்களா என்பது தெரியாது. உங்கள் இதயத்துக்குத் தெரியும். தொலைபேசி அழுத்துவதால் நெஞ்சு நோகுமானால் அழுத்தும் இடத்தில் மட்டும் நோகும், தொட்டால் நோகும், உட்கார்ந்திருந்தாலும் நோகும். வலது பாக்கெட்டுக்கு மாற்றிய கிழமையில் குறைந்தது ஏன் என்று உங்களிடம் கேட்டேன். அறுவடை முடிந்து மூடைகள் ஏற்றிப் போனபின் வந்த கிழமை அது என்றீர்கள்.

தொலைபேசியைப் பற்றிய பயம் எனக்குக் கவலை தருவது இதனால்தான். தொலைபேசிமீது பழியைப் போட்டுவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தீர்கள். நீரிழிவுள்ளவர்களிடத்தும் பெண்களிடத்தும் நெஞ்சு நோகாமலே, மூச்சிரைப்பாகவும் தாடை உளைவாகவும் நெஞ்செரிவாகவும் மட்டும் இந்நோய் காட்டக்கூடும். ஆறுதலாக இருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருந்துவிட்டது என்பதனால் நோய் இல்லையென்றும் ஆகாது. உட்கார்ந்திருந்தபோதும் விடாத நெஞ்சுநோவோடு வியர்வையும் வாந்தியுணர்வும் சேர்ந்து வந்தால், மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு போகாமல், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள், அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. அதனால் தொலைபேசியை வீட்டில் வைக்கவேண்டாம். படுவான்கரையிலும் அம்பாறை வயற்கண்டங்களிலும் தனியே நீர் பாய்ச்சப் போகும் ஒவ்வொருவரிடமும் அது மின்னேற்றப்பட்டு இருக்கவேண்டும்.

கேள்வி: முச்சக்கரவண்டி ஓட்டுகிறேன், வயது 41. வலது தொடையின் வெளிப்பக்கம் எரிகிறது, சில வேளை விறைக்கிறது. இறுக்கமான ஜீன்ஸின் முன் பாக்கெட்டில் பெரிய தொலைபேசி வைத்திருப்பேன். முதுகெலும்பு விலகிவிட்டது, எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.
– ஒரு வாசகர், அக்கரைப்பற்று

பதில்: தம்பி, பணத்தைச் செலவழிக்க முன்னர் பாக்கெட்டைக் காலியாக்குங்கள். இடுப்பெலும்பின் முன் முனைக்கு அருகால் ஒரு நரம்பு இறங்கி, தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கு மட்டும் உணர்வைக் கொண்டுசெல்கிறது. இறுகிய இடுப்புப் பட்டி, தொங்கும் வயிறு, கர்ப்பம், நீண்ட நேரம் இருத்தல் ஆகியவற்றால் அது நெரிபடும். பெர்லினில் பேர்ன்ஹார்ட்டும் மொஸ்கோவில் றோத்தும் 1895இல் இதைப் பற்றி எழுதினார்கள். மடங்கிய இடுப்பின் முன்னால் ஒரு தடித்த தொலைபேசியைச் செருகிக்கொண்டு நாளெல்லாம் இருந்து ஓட்டும் உங்களுக்கு அது வருவதில் வியப்பில்லை. சாரத்தின் இடுப்பு மடியில் தொலைபேசியைச் சுருட்டி, அதன்மேல் அகன்ற பெல்ட்டையும் இறுக்கிக் கட்டும் நம் பெரியவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

இந்த நரம்பு எந்தத் தசையையும் இயக்குவதில்லை. எனவே காலின் பலம் குறையாது, முழங்காலுக்குக் கீழே விறைப்பு இறங்காது. இவ்விரண்டும் உங்களுக்கு இல்லையென்று எழுதியிருப்பதே எனக்குப் பெரிய ஆறுதல். ஆறு கிழமைக்குத் தொலைபேசியை வண்டியின் முன் தாங்கியில் வையுங்கள், தளர்ந்த காற்சட்டை அணியுங்கள், ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒரு தடவை இறங்கி நடவுங்கள், சீனியின் அளவைப் பாருங்கள். பின்பாக்கெட்டுக்கு மாற்றிவிடவேண்டாம், அங்கு வைத்த தடித்த பணப்பையின்மேல் இருந்து இருந்தே காலுக்கு இறங்கும் பெரிய நரம்பு நொந்தவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 1978இலேயே எழுதியிருக்கிறார்கள். கால் சோர்ந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் வந்தாலோ, உட்காரும் இடம் விறைத்தாலோ அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அது வேறு நோய்.

கேள்வி: மகன் உயர்தரம் படிக்கிறான். இரவு ஒரு மணி வரை தொலைபேசியைக் குனிந்து பார்த்தபடி இருக்கிறான். பிடரி நோகிறது என்கிறான். குனிந்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் ஏறும் என்று ஒரு படம் அனுப்பினார்கள். கழுத்தெலும்பு தேய்ந்துவிடுமா?
– ஒரு தாய், கல்முனை

பதில்: அந்த எண் நியூயோர்க்கைச் சேர்ந்த முதுகெலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் 2014இல் கணினி மாதிரியில் கணித்தது. நிமிர்ந்திருக்கும் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோகிராம். 15 பாகை குனிந்தால் கழுத்துக்கு 12, 30 பாகையில் 18, 60 பாகையில் 27 கிலோகிராம் அளவுக்குச் சுமை உணரப்படும் என்பது அக்கணிப்பு. உயிருள்ள ஒருவரின் கழுத்தில் அளந்தது அன்று. அந்தச் சுமையால் எலும்பு தேய்ந்துவிடும் என்றும் அது நிறுவவில்லை. பதினெட்டு வயதுக் கழுத்து குனிவதற்கு ஏற்றதே. ஒரே நிலையில் மூன்று மணித்தியாலம் அசையாதிருப்பதைத்தான் அதனால் பொறுக்க முடிவதில்லை.

மகனை ஏசவேண்டாம், அம்மா. மடிக்கணினி இல்லாத வீட்டில் கடந்தகால வினாத்தாள்களும் ரியூசன் குறிப்புகளும் அந்தத் திரையில்தான் இருக்கின்றன. அது அவனுடைய புத்தகம். மேசையில் நான்கு தடித்த புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் தொலைபேசியைச் சாய்த்து வைத்தால் தலை தானாக நிமிரும். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுந்து தோளைச் சுழற்றி, முற்றத்தில் ஒரு சுற்று நடக்கட்டும். முக்கியமான வினாத்தாள்களை அச்சடித்துக் கொடுங்கள். கண்ணையும் பரிசோதியுங்கள், கிட்டப்பார்வை இருப்பது தெரியாமலே திரையை நோக்கிக் குனியும் பிள்ளைகள் உண்டு, அவர்களுக்குக் கண்ணாடியே பிடரி மருந்தாகிறது. கையில் விறைப்பு, பலக்குறைவு, காய்ச்சல், வாந்தியோடு தலையிடி ஆகியவை இல்லாதவரை எக்ஸ்ரே தேவையில்லை.

கேள்வி: அம்மாவுக்கு வயது 68, இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறது. தொலைபேசியை இடப்பக்கச் சட்டைக்குள் செருகிக்கொள்கிறார். அந்த இடத்தில் தோல் சிவந்து நோகிறது. ஆபத்தா?
– ஒரு மகள், வாழைச்சேனை

பதில்: இந்த ஒருவருக்குத் தொலைபேசியை நெஞ்சிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று உறுதியாகச் சொல்கிறேன். பேஸ்மேக்கருக்கும் தொலைபேசிக்கும் இடையில் குறைந்தது 15 சென்ரிமீற்றர் இருக்கவேண்டும். 2020இல் வெளிவந்த ஐபோன் 12 முதற்கொண்டு சில தொலைபேசிகளின் பின்புறத்தில் வலுவான காந்தங்கள் உள்ளன. காந்தம் மிக அருகில் வந்தால் பேஸ்மேக்கர் தன் இயல்பான கட்டுப்பாட்டை விட்டு ஒரே வேகத்தில் துடிக்கச் செய்யும் நிலைக்கு மாறக்கூடும். விலக்கியதும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், என்றாலும் சோதித்துப் பார்க்கும் விடயம் அதுவன்று. இடப்பக்கத்தில் கருவி இருந்தால் வலது காதில் வைத்துப் பேசட்டும். தோல் சிவந்தது நம் கரையோர வெக்கையில் வியர்வையும் உரசலும் சேர்ந்ததால் இருக்கலாம். ஆனால் சிவப்பு கருவி பொருத்திய தழும்பின்மேல் இருந்தாலோ, வீங்கிச் சூடாக இருந்தாலோ, கிருமித்தொற்றா என்று பார்க்கவேண்டும். கிளினிக் நாள் வரும் வரை காத்திராமல், கருவியின் அட்டையையும் எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையிலேயே அம்மாவை அழைத்துச் செல்லுங்கள். தொலைபேசிக்கு, இடுப்பில் தொங்கும்படி ஒரு சிறு துணிப்பை தைத்துக் கொடுங்கள்.